பெருங்குடற் புற்றுநோயில் ரிபோசோம் புரதங்களின் பங்கு

உலகில் மனிதரைத் தாக்கும் புற்றுநோய்களுள் பெருங்குடல், மலக்குடல் ஆகியவற்றில் தோன்றுவது எண்ணிக்கையில் மூன்றாம் இடத்தையும், உயிரிழப்பில் இரண்டாம் இடத்தையும் பெறுகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 19 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 9 லட்சம் பேர் மாண்டனர். இந்நோய் வளரும் விதத்தில் ரிபோசோம் புரதங்கள் இருவேறு வகையில் பங்கு கொள்கின்றன என்பது அண்மைப் பதிற்றாண்டுகளில் தெளிவாகியுள்ளது. அவற்றின் மிகுதியும் தீமைக்குத் துணை செய்கிறது. குறைவும் தீமைக்கு வழி வகுக்கிறது. இது முரணாகத் தோன்றினும், காரணத்தை ஆராய்ந்தால் உண்மை விளங்கும்.

ரிபோசோம் என்பது யாது?

உயிரணுவுக்குத் தேவையான புரதங்கள் யாவும் உருவாகும் தொழிற்கூடமே ரிபோசோம். ஜார்ஜ் பாலேடு என்பார் 1955-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணைகொண்டு இந்நுண்மணிகளை விவரித்தார். இவற்றின் அமைப்பை அணு அணுவாக ஆராய்ந்து கண்டமைக்காக, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகிய மூவரும் 2009-இல் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

மனித ரிபோசோம் சிறியது, பெரியது என இரு பகுதிகளைக் கொண்டது. சிறு பகுதியில் 33 புரதங்களும், பெரும் பகுதியில் 47 புரதங்களும் உள்ளன. இவற்றோடு நான்கு ரிபோ நியூக்ளிக் அமில இழைகளும் சேர்கின்றன. சிறு பகுதியின் புரதங்கள் எஸ் என்னும் எழுத்தாலும், பெரும் பகுதியின் புரதங்கள் எல் என்னும் எழுத்தாலும் குறிக்கப்பெறும். உட்கருவினுள் நியூக்ளியோலஸ் எனப்படும் திரட்சியிலேயே இப்பகுதிகள் பெரும்பாலும் பூட்டப்படுகின்றன.

மிகுதியால் விளைவது

பெருங்குடலின் உட்சுவர் ஓய்வின்றித் தன்னைப் புதுப்பித்துக் கொள்வது. அதிலுள்ள நுண்குழிகளின் அடியில் தோன்றும் உயிரணுக்கள் மேலேறி, சில நாட்களிலேயே உதிர்ந்து விடுகின்றன. இப்பெருக்கத்துக்கு ஒரு கடிவாளமாக ஏ.பி.சி. என்னும் ஜீன் உள்ளது. பெருங்குடற் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இந்த ஜீன் பழுதுற்றிருக்கக் காண்கிறோம். கடிவாளம் அறுந்ததும் மிக் என்னும் மற்றொரு ஜீன் மிகையாக வேலை செய்யத் தொடங்குகிறது. ரிபோசோம்களை உருவாக்குமாறு உயிரணுவைத் தூண்டுவது அதன் முக்கிய வேலைகளுள் ஒன்று. விரைந்து பெருகும் உயிரணுவுக்கு மிகுதியான புரதம் வேண்டும். அதற்கு மிகுதியான ரிபோசோம் வேண்டும். எஸ்-3 முதலிய ரிபோசோம் புரதங்களின் ஜீன்கள் இப்புற்றுத் திசுவில், அருகிலுள்ள நல்ல திசுவைக் காட்டிலும் மிகுதியாக இயங்குவது 1991-இலேயே அறிவிக்கப்பட்டது.

காவற்பணி

ரிபோசோம் புரதங்களுக்குத் தொழிற்கூடத்துக்கு வெளியே மற்றொரு பணியும் உண்டு. உயிரணுவில் பி-53 என்னும் காவற்புரதம் உள்ளது. மரபுப் பொருள் சேதமுற்றால் அது உயிரணுவின் பிளவைத் தடுத்து நிறுத்தும். தேவையாயின் உயிரணுவை மடியச் செய்யும். இயல்பான நிலையில் எம்.டி.எம்.2 என்னும் புரதம் இக்காவலனைத் தொடர்ந்து அழித்து, அதன் அளவைக் குறைவாக வைத்திருக்கிறது.

ரிபோசோம் பூட்டும் பணியில் தடை நேர்ந்தால், எல்-5, எல்-11 என்னும் புரதங்கள் தம் இடத்தில் சேராமல் எஞ்சி நிற்கின்றன. அவை 5எஸ் என்னும் சிறிய ரிபோ நியூக்ளிக் அமில இழையுடன் கூடி எம்.டி.எம்.2-ஐப் பற்றிக் கொள்கின்றன. பற்றப்பட்ட எம்.டி.எம்.2 பி-53-ஐ அழிக்க இயலாது. காவலன் பெருகுகிறான், உயிரணுவின் பிளவு நிற்கிறது. தொழிற்கூடத்தில் நேர்ந்த குறையை எஞ்சிய உறுப்புகளே அறிவிக்கின்றன எனலாம்.

ஆசிரியர்கள் இதனைக் கரும்பலகையில் மூன்று கட்டங்களாக வரைந்து காட்டலாம். எல்-11 எம்.டி.எம்.2-ஐத் தடுக்கிறது, எம்.டி.எம்.2 பி-53-ஐ அழிக்கிறது. ஆகவே எல்-11 விடுபட்டால் பி-53 மிகும். தடையைத் தடுப்பது ஊக்கமாகும் என்பதை மாணவர் எளிதில் உணர்வர்.

குறைவால் விளைவது

1938-இல் டயமண்ட், பிளாக்ஃபேன் என்னும் இரு மருத்துவர்கள் குழந்தைகளின் பிறவிச் சோகை ஒன்றை விவரித்தனர். இந்நோயாளருள் சிலருக்கு எஸ்-19 என்னும் ரிபோசோம் புரதத்தின் ஜீன் பழுதுற்றிருப்பது 1999-இல் கண்டறியப்பட்டது. இவர்களின் குருதியணுக்கள் போதிய அளவில் வளர்வதில்லை. ஆயினும் இத்தகைய நோயாளரிடம் பெருங்குடற் புற்றுநோய் மற்றவரைவிட மிகுதியாகவும், இளவயதிலும் தோன்றுவதை 2018-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டியது. 2014-இல், தலைமுறை தலைமுறையாக இப்புற்றுநோயால் துன்புற்ற பின்லாந்துக் குடும்பம் ஒன்றில் எஸ்-20 புரதத்தின் ஜீன் பழுதுற்றிருந்தது தெரியவந்தது. மரபெழுத்துப் பிழைகளைத் திருத்தும் ஆற்றல் குன்றிய வகைப் பெருங்குடற் புற்றுகளில் எல்-22 புரதத்தின் ஜீன் அடிக்கடி சிதைகிறது.

வளர்ச்சியைக் குன்றச் செய்யும் குறை புற்றை வளர்ப்பது எவ்வாறு? ஆய்வாளர் கூறும் விளக்கங்கள் இரண்டு. குறையுள்ள உயிரணுக்களைக் காவற்புரதம் ஓயாது அடக்குகிறது. அவ்வடக்குமுறையிலிருந்து தப்பும் மாறுதலைப் பெற்ற உயிரணுவே மற்றவற்றை வென்று பெருகுகிறது. அன்றியும், குறையுள்ள ரிபோசோம் எல்லாப் புரதங்களையும் ஒரே விகிதத்தில் ஆக்குவதில்லை. அதனால் உயிரணுவின் சமநிலை பிறழ்கிறது.

மருத்துவப் பயன்

1957-இல் அறிமுகமான 5-ஃபுளோரோயுராசில் என்னும் மருந்து இன்றும் இந்நோய்க்கு வழங்கப்படுகிறது. அதன் செயல்களுள் ஒன்று ரிபோ நியூக்ளிக் அமிலம் முதிர்வதைக் குலைப்பதாகும். ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து உயிரணுக்களை மடியச் செய்வதும் பெரும்பாலும் ரிபோசோம் ஆக்கத்தைத் தாக்குவதன் வாயிலாகவே என 2017-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. எனினும் ரிபோசோம் புரதங்களை அளந்து நோயை முன்கூட்டி அறியும் முறை இன்னும் வழக்கமான பரிசோதனையாக அமையவில்லை.

களப்பணியாளர் கவனத்துக்கு

இந்நோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சதைமொட்டிலிருந்து பல ஆண்டுகளில் மெல்ல வளர்வது. அவ்விடைக்காலமே நமக்குள்ள வாய்ப்பு. மலத்தில் குருதி காணின், மூலநோய் என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. நடுவயது கடந்தவரிடம் காரணமின்றிச் சோகை தோன்றினால், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதோடு நில்லாது குடலையும் ஆராயச் செய்தல் வேண்டும். மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாறுதல், காரணமற்ற உடல் மெலிவு ஆகியனவும் எச்சரிக்கைகளே. குடும்பத்தில் ஒருவர் ஐம்பது வயதுக்குள் இந்நோயுற்றிருந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரையும் மருத்துவரிடம் அனுப்புதல் களப்பணியாளரின் கடமையாகும். காலத்தில் காணப்பெற்ற சதைமொட்டை எளிதில் அகற்றிவிடலாம். அகற்றப்பட்ட மொட்டு புற்றாக வளர்வதில்லை.