தொட்டி அளவு திரையில் குழறுகிறதா?

தண்ணீர்த் தொட்டியின் அளவை வீட்டுக்குள் காட்ட ஆர்டுவினோவும் எச்.சி.-12 ரேடியோவும் வைத்துக் கருவி செய்தீர்கள். திரையில் 84 வரவேண்டிய இடத்தில் கேள்விக்குறியும் கட்டமுமாக வருகிறது. உடனே பக்கத்து வீட்டு ஆட்டோகேட்டைத் திட்டாதீர்கள்.

ரேடியோ இரண்டையும் கழற்றிவிட்டு, ஒரு போர்டின் டி.எக்ஸை மற்றதன் ஆர்.எக்ஸோடு ஒயரால் இணையுங்கள். கிரவுண்டையும் சேர்க்க வேண்டும். இப்போதும் குப்பையாக வந்தால் கோளாறு காற்றில் இல்லை. இரு பக்கமும் 9600 என்று ஒரே வேகம்தானா, பாருங்கள்.

ஒயரில் சரியாக வருகிறதா? அப்படியானால் மின்சாரத்தைச் சந்தேகப்படுங்கள். பீடோங் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நான் மாட்டியது, பம்பு ஓடும்போது மட்டும் உளறியது. ரேடியோவுக்கு மின்சாரம் போகும் கால்களை ஒட்டி 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, ஆண்டெனாவைப் பம்பு ஒயரிலிருந்து இரண்டு முழம் தள்ளிவைத்தேன். அடங்கியது.

பிறகுதான் சேனல். கேட் ரிமோட், கார் அலாரம் பலவும் 433 மெகாஹெர்ட்ஸ் பக்கமே பேசும். எச்.சி.-12இன் முதல் சேனல் 433.4, அடுத்தடுத்தது 0.4 தள்ளி. நூறு சேனல் இருக்கிறதே என்று மேலே ஏறாதீர்கள். மலேசியாவில் இவ்வகைச் சிறு கருவிகளுக்கு விட்டிருப்பது 433 முதல் 435 வரை. நான்காம் சேனலோடு நிறுத்துங்கள்.

ஒரே மேசையில் ஒட்டிவைத்துச் சோதித்தாலும் குழறும். இரண்டு மீட்டர் விலக்குங்கள். செம்பனைக்கு நடுவே என்றால், மழையில் நனைந்த மட்டைகள் அலையை விழுங்கிவிடும். 17.3 செ.மீ. நேர்க்கம்பியே ஆண்டெனாவுக்குப் போதும், ஆனால் கூரைக்கு மேலே நிற்கட்டும்.