வயிற்றுக்குள் ஒரு குருதிக் கசிவு

மாதந்தோறும் பெண்ணின் சூலகத்தில் நீர் நிரம்பிய சிறு பை ஒன்று வளர்கிறது. சுமார் 2 செ.மீ. ஆனதும் அது வெடித்துச் சினைமுட்டையை வெளியேற்றுகிறது. இது இயல்பே. எஞ்சும் பை மஞ்சள் நிறம் பெறுகிறது; அதில் இரத்தக் குழாய்கள் மிகுதி. சில வேளை அது சுருங்காமல் கட்டியாகி உடைந்துவிடும். அப்போது வயிற்றறைக்குள் இரத்தம் கசியும்.

திடீரென ஒரு பக்கத்தில் கடும் வலி. வலப்பக்கமானால் குடல்வால் அழற்சியோ என்று ஐயம் எழும். இரத்தம் உதரவிதானத்தை உறுத்தினால் தோள்பட்டை வலிக்கும்! வலியுடன் தலைசுற்றலும் வந்தால், மாதவிலக்கு வலிதானே என்று வெந்நீர் ஒத்தடத்தோடு வீட்டில் படுக்க வைப்பது ஆபத்து.

மருத்துவர் முதலில் நாடியைப் பார்க்கிறார். ஏன்? இரத்தம் குறைந்தால் இதயம் விரைந்து துடித்து ஈடுகட்டும். இளவயதினரிடம் இரத்த அழுத்தம் பிறகே சரியும். ஹீமோகுளோபின் அளவும் முதலில் ஏமாற்றும். வெளியேறும் இரத்தத்தில் செல்களும் பிளாஸ்மாவும் பழைய விகிதத்திலேயே போகின்றன அல்லவா? திசுக்களின் நீர் இரத்தக் குழாய்களுக்குள் வந்து கலந்த பின்னரே அளவு குறையும். ஆகவே சில மணி நேரம் கழித்து மீண்டும் அளப்பார்கள்.

கருக்குழாயில் தங்கிய கரு வெடித்தாலும் இதே அறிகுறிகள்தாம். அதனால் கர்ப்பச் சோதனை கட்டாயம். வயிற்றில் தேங்கிய இரத்தத்தை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும்.

கசிவு நின்று நாடி சீராக இருந்தால் வலி மருந்தும் கண்காணிப்பும் போதும். தேங்கிய இரத்தத்தை உடலே உறிஞ்சிக்கொள்ளும். கசிவு தொடர்ந்தால் நாளத்தின் வழியே நீர்மமும், வேண்டுமானால் இரத்தமும் ஏற்றி, சிறு துளை வழியாக லேப்ராஸ்கோப்பைச் செலுத்தி, கசியும் இடத்தைச் சுட்டு அடைப்பார்கள். கூடியவரை சூலகத்தை அகற்றுவதில்லை.