பெருந்தமனிச் சுவரும் குருதியின் உராய்வும்

இதயத்தின் இடது கீழறை சுருங்குங்கால் குருதி வால்வைத் திறந்துகொண்டு பெருந்தமனிக்குள் பாய்கிறது. அது தமனிச் சுவரின்மீது இருவகை விசைகளைச் செலுத்துகிறது. ஒன்று, சுவரை வெளிநோக்கித் தள்ளும் அழுத்தம். மற்றொன்று, சுவரையொட்டிச் செல்லும்போது அதன் உட்பரப்பை இழுக்கும் உராய்வு விசை. அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16,000 நியூட்டன். உராய்வோ சில நியூட்டன்களே. இத்துணைச் சிறிய விசையைப் புறக்கணிக்கலாம் எனத் தோன்றும். ஆயினும் சுவரின் உட்புறத்தைப் போர்த்தியுள்ள உயிரணுப் படலம் இதனை நுட்பமாக உணர்கிறது.

குறையற்ற வால்வின் மூன்று இதழ்களும் நன்கு விலகுவதால் குருதி நடுவாகச் செல்லும். நூற்றுவரில் ஏறத்தாழ ஒருவர் இரண்டே இதழ்களுடன் பிறக்கின்றனர். வேறு சிலருக்குத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சலாலோ, முதுமையில் சுண்ணாம்பு படிவதாலோ இதழ்கள் தடித்து வாயில் குறுகுகிறது. அப்போது வினாடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் செல்லவேண்டிய குருதி, 4 மீட்டருக்கு மேலும் விரைந்து பீறிடலாம். இவ்வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுற அழுத்த வேறுபாடு பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். இங்கு அது 64. வகுப்பில் கொடுப்பதற்கேற்ற கணக்கு இது.

இரண்டிதழ் வால்வில் பீற்று சாய்ந்து சென்று சுவரின் ஒரு பக்கத்தையே தாக்குகிறது. ரப்பர்க் குழாயின் வாயை விரலால் நெருக்கி மணல்மேட்டில் நீர் பாய்ச்சினால், நீர் படும் இடமே குழிவதைக் காணலாம். ஆனால் தமனிச் சுவர் மணலைப்போல் அரிபடுவதில்லை. மிகை உராய்வை உணரும் உயிரணுக்களின் தூண்டுதலால் அங்குள்ள மீள்நார்கள் சிதைகின்றன. சுவர் தளர்ந்து தமனி விரிகிறது. ஆரம் பெருகப் பெருக, அதே அழுத்தமும் சுவரில் மிகுந்த இழுவிசையைத் தோற்றுவிக்கும். முடிவில் சுவர் கிழியவும் கூடும். பிறவியிலேயே சுவர் நலிந்திருத்தலும் ஒரு காரணமே. இரண்டனுள் எது முதன்மை என்பதில் அறிஞர்கள் இன்னும் உடன்படவில்லை.

பழுதுற்ற வால்வை மாற்றும்போதும் இவ்விசைகள் கணக்கில் வருகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான செயற்கை வால்வு, 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்தைய மாதிரிகள் தேறவில்லை. நீலக்கல் வட்டுக்கூடச் சோதனையில் உடைந்தது. வால்வு பத்தாண்டுகளில் ஏறத்தாழ 40 கோடி முறை திறந்து மூடவேண்டும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. இறுதியில் கோபால்ட் கலவைக் கூட்டினுள் பாலிஎத்திலீன் வட்டு அமைந்தது. அவ்வட்டு சாய்ந்து திறப்பதால் குருதி சமமற்ற இரு வழிகளாகப் பிரிகிறது. எனவே, தையல் வளையத்தினுள் கூட்டைத் திருப்பி, பெரிய வழி தக்க திசையை நோக்குமாறு அறுவை மருத்துவர் அமைக்கிறார்.

வால்வை மாற்றிய பின்னரும் முன்பே விரிந்த தமனி தானாகச் சுருங்கிவிடுவதில்லை. ஆகவே அதன் விட்டம் எதிரொலிப் படத்தால் உரிய காலங்களில் அளக்கப்படுகிறது. இரண்டிதழ் வால்வு குடும்பவழி வருவதும் உண்டாதலால், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோருக்கும் இச்சோதனை செய்யப்படுகிறது.