சர்வர் திணறுவது தமிழாலா, கூட்டல் குறியாலா?



ஜாவா பாடத்தில் முதல் வாரமே நாம் படித்துவிட்டுத் தாண்டிப்போகிற வரி ஒன்று உண்டு: "ஸ்ட்ரிங் மாறாதது." இரண்டு மார்க் கேள்விக்கு எழுதுவதோடு அதை மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு சர்வர் ஓடுவதும் படுப்பதும் சில நேரம் அந்த வரியில்தான் இருக்கிறது. 2011-ல் ஜோஹோ நிறுவனம் பக்கத்து மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்த பிறகு, சாஃப்ட்வேர் வேலை என்றால் சென்னைக்குத்தான் பஸ் ஏற வேண்டும் என்ற நிலை தென்காசிப் பிள்ளைகளுக்கு இல்லை. ஆகவே இது பரீட்சைக்கு மட்டுமான சமாச்சாரம் அல்ல.

எங்கள் பேட்ச் புராஜெக்டாக எடுத்துக்கொண்டது குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் பதிவேடு. யாரோ முன்பே எழுதிக் கொடுத்த ஜாவா சர்வர் புரோகிராம் அது. சீசன் கணக்கைக் கேட்டால் பட்டியல் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கேட்டால் சர்வரே படுத்துவிடும். கவுண்டரில் இருக்கும் அண்ணாச்சிக்குப் பெயர், ஊர் எல்லாம் தமிழில்தான் வேண்டும். புரோகிராமைப் பார்த்த கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் ஒருவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தம்பி, தமிழைத் தூக்கிருங்க. இங்கிலீஷ்ல போட்டா சர்வர் பறக்கும்."

அண்ணன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஜாவா 9-லிருந்து (2017), ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஸ்ட்ரிங்குக்கு எழுத்துக்கு ஒரு பைட் போதும். அதில் ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழு ஸ்ட்ரிங்குக்கும் எழுத்துக்கு இரண்டு பைட் ஆகிவிடும். "குற்றாலம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் ஒன்பது. ஆக மெமரியில் 18 பைட். யூடிஎஃப்-8 ஆக நெட்வொர்க்கில் போகும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று வீதம் 27 பைட். சரி, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. இதற்கா ஒரு சர்வர் படுக்கும்?

புரோகிராமைத் திறந்து பார்த்தால் லூப்புக்குள் இப்படி ஒரு வரி இருந்தது: பட்டியல் = பட்டியல் + புதியவரி. (ஜாவாவில் வேரியபிளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தெரியுமா?) பார்க்க எவ்வளவு சாது! ஆனால் ஸ்ட்ரிங் மாறாதது ஆயிற்றே. இருப்பதன் கடைசியில் ஒட்ட முடியாது. பழையது முழுவதையும் புது இடத்துக்குக் காப்பி எடுத்து, அதன் கடைசியில் புது வரியைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் அண்ணாச்சி புது நோட்டு வாங்கி, பழைய நோட்டை முதல் பக்கத்திலிருந்து எழுதி, கடைசியில் ஒரு வரி சேர்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பழைய நோட்டெல்லாம் குப்பை. அதைக் கூட்டித் தள்ளும் வேலை கார்பேஜ் கலெக்டருக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 வரி, வரிக்கு 50 எழுத்து. முதல் தடவை 50, அடுத்து 100, அடுத்து 150 என்று 10,000 தடவை கூட்டினால் சுமார் 250 கோடி எழுத்து எழுதப்படுகிறது. தமிழில் அது 500 கோடி பைட். அண்ணன் சொன்னபடி ஆங்கிலத்துக்கு மாற்றினால் 250 கோடி. பாதி குறைந்தது வாஸ்தவம்தான், ஆனால் நோயும் அப்படியே பாதி இருக்கிறது. அடுத்த வருஷம் வரிகள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்கு. அப்போது எந்த மொழியை எடுப்பது?

இதற்குத்தான் ஸ்ட்ரிங்பில்டர். காலி இடம் விட்ட நோட்டு அது. இடம் தீர்ந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு அளவுக்கு வளரும். வளரும்போது மட்டுமே காப்பி. அதே பட்டியலுக்கு எல்லாம் சேர்த்து 20 லட்சம் எழுத்துக்குள் முடிந்துவிடும், அதாவது தமிழில் 40 லட்சம் பைட்டுக்குள். 500 கோடி எங்கே, 40 லட்சம் எங்கே! உத்தேச அளவு தெரிந்தால் உருவாக்கும்போதே கொடுத்துவிடலாம், வளர வேண்டிய அவசியமே வராது. மாற்றியது மூன்றே வரி. அண்ணாச்சியின் தமிழ் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"புது ஜாவா கூட்டலைத் தானே சரிபண்ணிக்கும்" என்று சிலர் சொல்வார்கள். ஒரே வரியில் நாலைந்து துண்டுகளைக் கூட்டினால் உண்மைதான், அங்கே தாராளமாகக் கூட்டல் குறி போடுங்கள். லூப்பில் ஒவ்வொரு சுற்றும் தனிக் கூட்டல் என்பதால் அந்த உதவி செல்லாது.

பழைய புத்தகங்களில் ஸ்ட்ரிங்பஃபர் என்று இருக்கும். ஸ்ட்ரிங்பில்டர் 2004-ல் ஜாவா 5-உடன் வந்தது. பஃபர் ஒவ்வொரு தடவையும் பூட்டித் திறக்கும், பில்டரில் பூட்டு கிடையாது. சர்வரில் ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் ஓடுமே, பயமில்லையா? மெத்தடுக்குள்ளேயே உருவாக்கி அங்கேயே முடித்தால் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி நோட்டு, பூட்டு எதற்கு? பில்டரை ஸ்டாட்டிக்காக வைத்துப் பொதுவில் விட்டால்தான் வம்பு. ஐந்தருவிக்குப் போன குடும்பத்தின் கணக்கு பழைய அருவிக்காரர் பில்லில் வந்து நிற்கும்.

ஸ்ட்ரிங்பில்டரும் வேண்டாத இடம் உண்டு. பட்டியலை அனுப்பத்தான் போகிறோம் என்றால் முழுவதையும் மெமரியில் சேர்ப்பானேன்? ஒவ்வொரு வரியாக ரைட்டரில் எழுதிவிடலாம். பக்கத்தின் தலைப்பு போல மாறாத பகுதிகளை ஒரே தடவை பைட்டாக மாற்றி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கோரிக்கைக்கும் யூடிஎஃப்-8 மாற்றம் செய்கிற வேலையும் மிச்சம். லூப்புக்குள் ரீப்ளேஸ்ஆல் போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். ஒவ்வொரு தடவையும் அது பேட்டர்னைப் புதிதாகக் கம்பைல் செய்கிறது. வெளியே ஒரு தடவை கம்பைல் செய்து வைத்தால் போதும்.

கடைசியாக ஒன்று, இது வேகத்தைப் பற்றியது அல்ல. பெயர் நீளமாக இருந்தால் சப்ஸ்ட்ரிங்கால் நறுக்கும் பழக்கம் அந்தப் புரோகிராமில் இருந்தது. "குற்றாலம்" என்பதில் எட்டு எடுத்தால் புள்ளி போய் "குற்றாலம" என்று நிற்கும். வெட்டும் இடத்தில் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் ஓர் இடம் பின்னால் போய் வெட்டச் சொல்லுங்கள்.