தம் கட்டும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மாசி வீதி புறப்பாட்டில் உன் தோடி கேட்டேன். வாசிப்பில் குறையில்லை. ஆரம்பிக்கும் முன் நாலைந்து தடவை மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். பதினாறு வயதில் நானும் அப்படித்தான். ஒரு கொடியேற்றத்தன்று கண் இருட்டி, நாயனத்தோடு தவில் மேலேயே சாய்ந்தேன். நாயனத்தின் அடிப்பகுதியான அணசு விரிசல் விட்டதற்கு அப்பாவிடம் வாங்கியது தனிக் கதை.

காற்றுப் பற்றவில்லை என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். விஷயம் நேர்மாறு. மூச்சு எடு என்று மூளை நெருக்குவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் அல்ல, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால். சும்மா நிற்கும்போது இழுத்து இழுத்து விட்டால் அந்த வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கும்.

மூச்சுக்குத் தாளம் போடுவது பிடரிக்கு உள்ளே, முகுளத்தில் இருக்கும் சில ஆயிரம் நரம்பு செல்கள். 1991இல் ஆய்வாளர் ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர், எலிக்குட்டியின் முகுளத்திலிருந்து சீவி எடுத்த மெல்லிய துண்டிலும் அந்தத் தாளம் தானாக ஓடுவதைக் காட்டினார்கள். ‘ப்ரீ-பாட்சிங்கர்’ என்று அந்த செல் கூட்டத்துக்குப் பெயர். ஒரு ஜெர்மன் ஒயினிலிருந்து வந்த பெயராம். நாம் தூங்கினாலும் அது தட்டிக்கொண்டே இருக்கும், நிமிஷத்துக்கு ஏறக்குறைய 12 முதல் 16 வரை. இப்படி ஒரு தவில்காரர் யாருக்குக் கிடைப்பார்!

ஆனால் அது தட்டுவது உள்மூச்சுக்கு. சும்மா இருக்கையில் வெளிமூச்சு, நுரையீரல் தளர்ந்து தானே போய்விடுகிறது. நம் பிழைப்போ முழுக்க வெளிமூச்சில்! வயிற்றை இறுக்கி நீ ஒரு கார்வை பிடிக்கும்போது மேல்மூளை முகுளத்தை ஓரமாக நிறுத்தி வைக்கிறது. அது நிற்கும், வாயைத்தான் மூடாது. கரியமில வாயு ஏற ஏறக் குரலை உயர்த்தும். கத்தவிட்டுப் பதறி இழுக்காதே. சங்கதி முடியும் இடத்தில், உள்ளே தங்கிய பழைய காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டுவிட்டு இழு. நம் சீவாளி போலவே இரட்டை நாணல் வைத்து ஓபோ வாசிக்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்திருப்பாய். கன்னம் புடைப்பது சிவாஜிக்கு, காற்று நம்மூர் சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களுடையது. ஒருமுறை திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேள். இரட்டை நாயனம், யார் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பிடிப்பது லேசில்லை. பிடித்ததைக் குறித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வா.

அன்புடன்,
பெரியப்பா