கிராபிக்ஸ் கார்டைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரே வழக்குதான் நடக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளை, "கம்ப்யூட்டரில் கேம் விட்டு விட்டு ஓடுகிறது, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கித் தாருங்கள்" என்று கேட்கிறது. தந்தை கடையில் விசாரிக்கிறார். உயர்ரகக் கார்டுகளின் விலை ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டித் தொடங்கி இரண்டு லட்சத்தையும் தாண்டுகிறது. விளையாட்டுக்கு இவ்வளவு பணமா என்று அவர் திகைக்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவருமே கணக்குப் போடாமல் பேசுகிறார்கள்.

அந்தக் கணக்கைப் போடக் கற்பிப்பதே இந்தப் பாடத்தின் நோக்கம். பெரும்பாலோர் முதலில் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதற்கு ஏற்றபடி மற்றதைப் பார்க்கிறார்கள். நாம் தலைகீழாகப் போவோம். மானிட்டர், பிராசசர், எஸ்.எம்.பி.எஸ்., வீட்டு மின்சாரம் ஆகியவற்றை முதலில் பார்ப்போம். கார்டு கடைசியில் வரட்டும்.

1. கார்டின் வேலை என்ன?

திரையில் தெரியும் படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட்டு, நொடிக்குப் பலமுறை புதிதாக வரைவதே கார்டின் வேலை. பிராசசரில் சில திறமையான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால், கார்டில் எளிய வேலை செய்யும் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நிற்கிறார்கள். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டில் மட்டும் 6,144 கணக்கீட்டு அலகுகள் உள்ளன.

இனி புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

1920 × 1080 திரை: சுமார் 20.7 லட்சம் புள்ளிகள்
2560 × 1440 திரை: சுமார் 36.9 லட்சம்
3840 × 2160 திரை (4கே): சுமார் 82.9 லட்சம்

4கே திரை சாதாரணத் திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு வேலை வாங்குகிறது. நொடிக்கு 60 படம் என்றால், 4கே திரைக்கு நொடிக்கு ஏறத்தாழ 50 கோடி புள்ளிகள் வரைய வேண்டும். உயர்ரகக் கார்டின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

2. மானிட்டரில் தொடங்குங்கள்

மானிட்டரின் பின்புறத்திலோ அதன் கையேட்டிலோ இரண்டு விவரம் இருக்கும். ஒன்று புள்ளிகளின் எண்ணிக்கை. மற்றொன்று ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறைதான் படத்தை மாற்றும். கார்டு நொடிக்கு 200 படம் வரைந்தாலும், கண்ணுக்கு முழுதாக வந்து சேர்வது 60தான். ஆகவே 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு மிக உயர்ந்த கார்டு வாங்குவது, ஒற்றையடிப் பாதையில் ஓட்டப் பேருந்து வாங்குவது போன்றது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மானிட்டருக்கு ஒதுக்கினால் பிள்ளைக்கு உடனே வித்தியாசம் தெரியும்.

3. குற்றவாளி கார்டுதானா?

கேம் விட்டு விட்டு ஓடுவதற்குப் பிராசசரும் காரணமாக இருக்கலாம், ராம் குறைவும் காரணமாக இருக்கலாம். செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை: விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, அதில் பெர்பார்மன்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். கேமில் படங்களின் எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் வரம்பை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். கார்டின் உழைப்பு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால், கார்டுதான் மூச்சு வாங்குகிறது. அது 60, 70 சதவீதத்தில் நிற்க, கேம் மட்டும் தடுமாறினால், கார்டு வேறொன்றுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள்.

இரண்டாம் சோதனை: கேமின் அமைப்பில் திரையின் புள்ளிகளைக் குறைத்துப் பாருங்கள். வேகம் நன்றாகக் கூடினால் கார்டுதான் தடை. கூடவே இல்லையென்றால் பெரும்பாலும் பிராசசர்தான் தடை. அப்போது எந்தக் கார்டு வாங்கினாலும் பலன் சொற்பமே.

மதர்போர்டின் ஸ்லாட் பழைய தலைமுறையாக இருந்தாலும் புதிய கார்டு பொதுவாக அதில் ஓடும். சில கார்டுகளில் வேகம் சற்றுக் குறையலாம்.

4. பெயரும் எண்ணும் விளம்பரமும்

ஆர்.டி.எக்ஸ். 4060 என்றால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, கடைசி இரண்டு இலக்கம் தரவரிசை. எண் பெரிது என்பதால் வேகம் அதிகம் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய 3080 கார்டு புதிய 4060ஐவிட வேகமானது. லேப்டாப்பில் வரும் 4090க்கும் மேசைக் கம்ப்யூட்டரின் 4090க்கும் பெயர் ஒன்று, பலம் வேறு. முன்னதில் நினைவகம் 16 ஜி.பி., பின்னதில் 24 ஜி.பி.

2025இல் வந்த 5060 டி.ஐ. கார்டு, ஒரே பெயரில் 8 ஜி.பி. ஆகவும் 16 ஜி.பி. ஆகவும் விற்கப்படுகிறது. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யும் அப்படியே. பில்லில் பெயரோடு ஜி.பி. அளவையும் எழுதச் சொல்லுங்கள். புதிய கேம்கள் சிலவற்றுக்கு 8 ஜி.பி. போதாமல் போகிறது. நினைவகம் நிரம்பிவிட்டால் எவ்வளவு வேகமான கார்டும் திக்கித் திக்கித்தான் ஓடும்.

விளம்பரத்தைப் படிக்கும் முறையும் தெரிய வேண்டும். 2025 ஜனவரியில் 5070ஐ அறிமுகம் செய்தபோது, 549 டாலரில் 4090இன் செயல்திறன் கிடைக்கும் என்று என்விடியா அறிவித்தது. அந்த ஒப்பீடு, கார்டு உண்மையில் வரைந்த ஒவ்வொரு படத்துக்கும் இடையே செயற்கையாக ஊகித்து மூன்று படம் வரை செருகும் வசதியை நம்பியது. செருகிய படங்களால் காட்சி வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் விசையை அழுத்தியதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையிலான தாமதம் அதனால் குறையாது. ஆகவே ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்கும்போது, இந்த வசதி இல்லாமல் நொடிக்கு எத்தனை படம் என்று கேளுங்கள்.

5. மின்சாரக் கணக்கு

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்., சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றிக் கார்டுக்குத் தருகிறது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 12 என்பது சிறிய எண். எனவே ஆம்பியர் பெரிதாகிவிடுகிறது.

நம் ஊர் வழியாக 1979இல் திருவனந்தபுரம் - நாகர்கோவில் ரயில் பாதை திறக்கப்பட்டது. இன்று அதன் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. 6,000 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், அதாவது ஏறத்தாழ 4,500 கிலோவாட், முழு இழுவையில் அந்தக் கம்பியிலிருந்து 180, 200 ஆம்பியர் அளவே எடுக்கும். இப்போது ஆர்.டி.எக்ஸ். 5090ஐப் பாருங்கள். 575 வாட்டை 12ஆல் வகுத்தால் 48 ஆம்பியர். ஒரு ரயில் எஞ்சின் எடுக்கும் மின்னோட்டத்தில் கால்வாசி, நம் கட்டைவிரல் அகலமுள்ள ஒரு பிளக் வழியாகப் போகிறது!

பழைய எட்டு முள் பிளக்கில் 150 வாட்தான் செல்லும். மூன்று கம்பிகள் பங்கிட்டுக்கொள்வதால் கம்பிக்கு 4 ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். புதிய வகைப் பிளக்கில் ஆறு கம்பிகள். 5090 எடுக்கும்போது கம்பிக்கு 8 ஆம்பியர். ஒரு முள் தாங்க வகுத்த அளவு 9 ஆம்பியரைச் சற்றுத் தாண்டியது. அதாவது மிச்சம் குறைவு.

இப்போது பிளக் சரியாக உட்காராமல் ஆறு முள்ளில் இரண்டு தொடாமல் போனதாக வைத்துக்கொள்வோம். மீதி நான்கும் 12 ஆம்பியர் வீதம் சுமக்க வேண்டும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். 8இன் வர்க்கம் 64. 12இன் வர்க்கம் 144. வெப்பம் இரண்டேகால் மடங்கு!

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 2022 அக்டோபரில் 4090 விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே பிளக் உருகிய செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்தன. அதே ஆண்டு நவம்பரில் சுமார் 50 நிகழ்வுகள் தெரியவந்ததாகக் கூறிய என்விடியா, பிளக் முழுதாகச் செருகப்படாததைப் பொதுவான காரணமாகச் சுட்டியது. பிறகு முள்ளின் நீளங்கள் திருத்தப்பட்டு, 12வி-2×6 என்ற மாற்றுப் பிளக் வந்தது. ஆயினும் 2025இல் 5090 கார்டிலும் இத்தகைய புகார்கள் எழுந்தன. மின் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்: கம்பி நடுவில் எரிவது அபூர்வம், கம்பி சேரும் இடத்தில்தான் எரியும்.

ஆகவே நான்கு விதிகள்:

அ. பிளக்கை இடைவெளி தெரியாதவரை அழுத்திச் செருகி, டார்ச் அடித்துப் பாருங்கள்.
ஆ. பிளக்கிலிருந்து முதல் 35 மில்லிமீட்டர் வரை கம்பியை வளைக்காதீர்கள். கேபினெட் அகலம் அதற்கு இடம் தர வேண்டும்.
இ. எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் கேபிள் பொருந்துவதுபோல் தோன்றினாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம்.
ஈ. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். கார்டுக்கு 300, பிராசசருக்கு 150, மற்றவற்றுக்கு 75 என்றால் மொத்தம் 525 வாட். கார்டு கண நேரத்துக்கு அதன் அளவைவிட மிக அதிகமாக இழுக்கும். எனவே 750 வாட் தேவை. 300 வாட் எடுக்கும் 5070 டி.ஐ.க்கு என்விடியா சொல்லும் அளவும் 750தான்.

பெட்டியின்மேல் உள்ள 80 பிளஸ் கோல்டு முத்திரை, மின்சாரம் வீணாகும் அளவைப் பற்றியது. தரம் முழுவதற்கும் அது சான்று ஆகாது.

6. நம் ஊர்ச் சூழல்

மேற்சொன்ன 525 வாட்டுக்குச் சுவரிலிருந்து சுமார் 585 வாட் எடுக்கும். 6 ஆம்பியர் பாயிண்ட் கணக்குப்படி 1,380 வாட் வரை தாங்கும்; போதும். ஆனால் தளர்ந்துபோன பழைய சாக்கெட்டும், மிக்சியும் அயர்ன் பாக்சும் சேர்ந்து தொங்கும் எக்ஸ்டென்ஷன் பாக்சும் தாங்காது. நல்ல எர்த் உள்ள தனிப் பாயிண்ட் கொடுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். போதுமா? வி.ஏ. வேறு, வாட் வேறு. அத்தகையவை பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும்போது கரண்ட் போனால், அந்த நொடியே எல்லாம் அணையும்.

சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை நேர இடி மின்னல் இங்கே வழக்கம். வானம் இருண்டால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், இன்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள். பூவார், பொழியூர் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்று முட்களை அரிக்கும். அங்கே கேபினெட்டை ஜன்னலோரம் வைக்க வேண்டாம்.

மின்கட்டணத்தையும் மறக்கக் கூடாது. தினம் 3 மணி நேரம் 0.6 கிலோவாட் என்றால் மாதம் 54 யூனிட். கேரள மின்வாரியத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விகிதம். அதைத் தாண்டினால் பயன்படுத்திய எல்லா யூனிட்டுக்கும் ஒரே உயர் விகிதம். ஏற்கெனவே 220 யூனிட் செலவாகும் வீடு, இந்த 54ஆல் எல்லையைத் தாண்டிவிடும். கார்டின் மென்பொருளில் மின் அளவை 80 சதவீதமாகக் குறைத்து வைக்கலாம். வேகம் அவ்வளவாகக் குறையாது, சூடும் பில்லும் குறையும்.

7. ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு வீட்டில் உள்ளவை: 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஆறு கோர் பிராசசர், 16 ஜி.பி. ராம்; 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்.; 2016ஆம் ஆண்டு ரகமான 6 ஜி.பி. ஜி.டி.எக்ஸ். 1060 கார்டு. பிள்ளை கேட்பது ஆர்.டி.எக்ஸ். 5080.

சோதனையில் பழைய கார்டின் உழைப்பு 98 சதவீதம். ஆகவே பிள்ளையின் புகார் உண்மை. கார்டு மாற்றத்தான் வேண்டும். ஆனால் 5080க்கு 360 வாட் வேண்டும், 850 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும், ஒருவேளை பெரிய கேபினெட்டும் வேண்டும். இத்தனையும் செய்த பின் அந்த மானிட்டரில் தெரிவது அதே 60 படம்.

மாற்று வழி: 180 வாட் எடுக்கும் 16 ஜி.பி. 5060 டி.ஐ., 2560 × 1440 அளவில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், தரமான 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். மூன்றும் சேர்ந்தே 5080 கார்டின் விலைக்குள் அடங்க வாய்ப்பு அதிகம். பிள்ளைக்குக் கிடைப்பது குறைந்த கார்டு, ஆனால் கூடுதல் காட்சி.

வீட்டில் 4கே மானிட்டரும் புதிய பிராசசரும் ஏற்கெனவே இருந்தால் விடை மாறும். அப்போது உயர்ரகக் கார்டு கேட்பது ஆடம்பரம் ஆகாது.

8. கடைக்குப் போகுமுன்

ஜி.எஸ்.டி. 18 சதவீதம் திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் ஒன்றே. வரிக்காக எல்லை தாண்ட வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் மூலம் வாங்குவதாக இருந்தால், இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பழைய கார்டு வாங்கினால், பில்லில் உள்ள தேதியைப் பார்த்து, அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பயிற்சி: பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கீழ்க்கண்டவற்றை நிரப்பச் சொல்லுங்கள்.

மானிட்டரின் புள்ளிகள், ஹெர்ட்ஸ், சோதனையில் கார்டின் உழைப்புச் சதவீதம், பிராசசர், ராம், கேபினெட்டுக்குள் கார்டுக்குள்ள நீளம், மில்லிமீட்டரில், எஸ்.எம்.பி.எஸ். வாட், வீட்டின் கடைசி மின்கட்டணத்தில் உள்ள யூனிட், எல்லாவற்றுக்கும் கீழே, கார்டின் பெயர்.

தாளை நிரப்பிக் கொண்டுவந்த பிள்ளையோடு தந்தையும் தாயும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். அதன் பிறகு வேண்டாம் என்று முடிவானாலும், வாங்கலாம் என்று முடிவானாலும், காரணம் இருவருக்கும் தெரிந்திருக்கும்.