பாட்டில்லாப் பண்: பாக்கின் முன்னிசை ஒன்று

சந்தப் பாடல் பயில்வோர் முதற்கண் பொருளைக் கருதுவதில்லை. 'தனதன' எனும் குழிப்பையே நாவிற்குப் பழக்குவர். காயல்பட்டினத்துக் காசிம் புலவரின் திருப்புகழைக் கற்ற மாணவர் இதனை அறிவர். குழிப்பு மட்டுமே நின்று ஒரு முழுப்படைப்பாதல் இயலுமா? இயலும் என்பதற்கு மேலை இசையில் ஒரு சான்று உண்டு.

ஜெர்மானிய இசைமேதை ஜோஹன் செபாஸ்டியன் பாக் (1685–1750) விசைப்பலகைக்கென 1722இல் ஒரு தொகுதி அமைத்தார். பன்னிரு சுரத்தானங்களில் ஒவ்வொன்றையும் ஆதாரமாகக் கொண்டு, மேஜர், மைனர் என இருவகையில், முன்னிசையும் 'பியூகு' என்னும் பின்னிசையும் இணைந்த 24 இணைகள் அதில் உள்ளன. அவற்றுள் முதல் முன்னிசையே ஈண்டு நாம் காணவிருப்பது. பாக் தம் மூத்த மகனுக்கென 1720இல் தொடங்கிய பயிற்சி ஏட்டில் இதன் முந்தைய வடிவம் காணப்படுகிறது. நம் ஆர்மோனியத்தில் இதனை முழுமையாக வாசித்தல் அரிது. ஒரு கை துருத்திக்குப் போய்விடுமன்றோ!

முதல் ஆவர்த்தத்தை நம் சுரங்களால் எழுதினால், 'சக பசக பசக' என அமையும். தன தனன தனன! இவ்வெட்டுச் சுரங்கள் இருமுறை ஒலிக்க ஓர் ஆவர்த்தம் நிறையும். அடுத்த ஆவர்த்தத்தில் சந்தம் மாறாது. சுரங்கள் மட்டும் 'சரி தரிம தரிம' என நகரும். நான்காவதில் முதற்கூட்டே மீண்டும் வரும். இங்ஙனம் 32 ஆவர்த்தங்கள் வரை ஒரே குழிப்புத்தான். சாயல்குடிச் சாலையில் பேருந்திலிருந்து பார்க்கையில் பனைகள் ஒன்றுபோல் வந்துகொண்டேயிருக்க, இடையிலுள்ள நிலம் மட்டும் மாறுவதை இதற்கு ஒப்பிடலாம்.

முணுமுணுக்க ஒரு மெட்டு இதில் இல்லை. இக்குறையைப் பிரெஞ்சு இசைஞர் சார்ல் குனோவும் உணர்ந்தார் போலும். 1850களில் இதன்மேல் ஒரு மெட்டை அமைத்தார். அது பெரும்புகழ் பெற்றது. எனினும் அஃது எனக்கு மிகையாகவே தோன்றுகிறது.

ஏனெனில் இதன் உயிர் அடிச்சுரத்தில் உள்ளது. நம் இசையில் தம்புராவின் சுருதி அசையாது நிற்க, இராகம் உலவும். இங்கோ நிலமே உலவுகிறது. 22, 23ஆம் ஆவர்த்தங்களில் அடிச்சுரம் பிரதி மத்திமத்தையும் சுத்த தைவதத்தையும் தொட்டு, அவற்றின் நடுவிலுள்ள பஞ்சமத்தில் இறங்கி, எட்டு ஆவர்த்தங்கள் அங்கேயே நிற்கிறது. மேலே கூட்டுகள் முரணியும் இணங்கியும் மாறுகின்றன. செவி சட்சத்தை வேண்டி ஏங்குகிறது. 32இல் அடியில் சட்சம் வருகிறது. ஆயினும் மேலே கைசிகி நிஷாதம் கலந்து அமைதியைத் தடுக்கிறது. அடுத்த இரண்டு ஆவர்த்தங்களில் குழிப்பே அவிழ்ந்து, சுரங்கள் நெடிதாக ஏறி இறங்குகின்றன. 35ஆம் ஆவர்த்தத்தில் எஞ்சுவது, கலப்பற்றுச் சட்சத்தில் நின்று நீளும் ஒரே கூட்டு.